வட்டம் சார் போட்ட நாற்காலிகள்

ஸ்ரீபெரும்புதூரில் ஆரம்பித்து ஒரகடம் வரைக்கும் எத்தனையோ பேர் என் உயிரை வாங்கியிருக்கிறார்கள். வீட்டுச் சொந்தக்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், என் நாத்தனார் எல்லோரும் அந்த வரிசையில் உண்டு. ஆனால் அத்தனை பொறுமையாக, சிரித்த முகத்தோடு, நாற்காலி போட்டு உட்கார வைத்து உயிரை வாங்கிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் வட்டம் சார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆபீஸ் வாசல் பலகையில்கூட எழுதியிருந்தது. யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. புதிதாக வருகிறவர்கள் 'வட்டம்' என்ற பெயரைக் கேட்டுவிட்டு, இவர் ஏதோ கட்சியின் வட்டச் செயலாளர் என்று நினைத்து, தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் சொல்வார்கள். அவரும் "நான் அவர் இல்லைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். "விளக்கு எரியலைங்கறதுல உங்க பங்கு என்னன்னு யோசிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்பார். வந்தவர் அதற்குப் பிறகு இருட்டிலேயே இருந்துகொள்ளப் பழகிவிடுவார்.

மண்ணூர் போகிற சாலையில், ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் ரெண்டு அறை. அதுதான் எங்கள் தொண்டு நிறுவனம். தெற்கத்தி ஜில்லாக்களிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்து ஹாஸ்டல்களில் தங்கியிருக்கும் பெண்பிள்ளைகளுக்காக நடத்தினோம். உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, லீவு கிடைக்காதவர்களுக்காக சூப்பர்வைசரிடம் போய் நிற்பது, ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பு, ஊர் ஞாபகம் வந்து அழுகிறவர்களுக்கு டீ. இத்தனைக்கும் ஆள் பலம் என்று பார்த்தால், தலைவர் வட்டம் சார், களப்பணிக்கு நான், வேன் ஓட்ட ஏகாம்பரம். அவ்வளவுதான் படை.

வட்டம் சார் அதற்கு முன்னால் ஒரு உதிரி பாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர். அங்கே ஒரு பாகம் கோணலாக வந்துவிட்டால், அந்த லைனில் இருக்கும் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்து ஏன் கோணியது என்று பேசுவார்களாம். நல்ல வழக்கம்தான், நான் மறுக்கவில்லை. இரும்புக்கு அது சரி. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சேவை செய்யக் கிளம்பியபோது, கம்பெனியில் கொடுத்த கைக்கடிகாரத்தை மகளுக்குக் கொடுத்துவிட்டு இந்த வழக்கத்தை மட்டும் எங்களுக்கென்று எடுத்து வந்துவிட்டார்.

விதிமுறைகள் இருந்தன. எது நடந்தாலும் வட்டமாக உட்கார வேண்டும். தலைவருக்குத் தனி நாற்காலி கிடையாது. யாரும் யாரையும் குறை சொல்லக்கூடாது. நடந்ததில் 'என் பங்கு' என்ன என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் எழுந்து போக முடியாது. தலைவர் மட்டும் கடைசியில்தான் பேசுவார். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்லித் தப்பித்துவிடுவார்கள் என்பது அவர் கொள்கை. அவர் முறை வருவதற்குள் எங்களுக்குப் பாதி உயிர் போயிருக்கும், மீதிப் பாதி அவர் பேசும்போது போகும்.

வெளியூர் நிகழ்ச்சி என்றால் அங்கே நாற்காலி இருக்குமோ இருக்காதோ என்று அவருக்கு சந்தேகம். அதனால் மொபெட்டின் பின்னால் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ரப்பர் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருவார். "வேன்ல போட்டுக்கலாமே சார்" என்றால், "வேன்ல பிள்ளைங்க உக்காரட்டும்" என்பார். ஒரகடம் ரோட்டில் புதுக் கார்களை ஏற்றிப் போகும் நீள லாரிக்கும் கண்டெய்னருக்கும் நடுவில் அந்த நாற்காலிக் கோபுரம் ஆடி ஆடி வருவதைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு என்னவோ தப்பாகப் போகப்போகிறது, அதைப் பற்றி சாயங்காலம் வரை பேசப்போகிறோம் என்று அர்த்தம்.

ஒருமுறை பிள்ளைகளை மகாபலிபுரம் கூட்டிப்போகக் கிளம்பினோம். படப்பை தாண்டுவதற்குள் பிடித்துக்கொண்டது மழை. ரோடெல்லாம் தண்ணீர். திரும்பி வந்துவிட்டோம். பிள்ளைகள் ஹாஸ்டலுக்கு ஓடிவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் மாடி ஏறினால், நாற்காலிகள் தயார்.

"ஏகாம்பரம், உங்க பங்கு?"

"மய பெஞ்சதுக்கு நான் இன்னா சார் பண்ணுவேன்?"

"உடனே பதில் வரணும்னு இல்ல. யோசிங்க."

ஏகாம்பரம் யோசித்தார். நான் ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டிருந்தேன். கீழே ஹார்டுவேர் கடையில் ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது.

"நேத்து வண்டிய கய்வுனேன் சார். நான் எப்ப கய்வுனாலும் மறுநாளு மய வந்துடுது. அது தெரிஞ்சுகினே கய்விட்டேன்."

"ரொம்ப நேர்மையான பகிர்வு," என்றார் வட்டம் சார். எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றிலிருந்து ஏகாம்பரம் வேனைக் கழுவவே இல்லை. கேட்டால், "வட்டத்துல பேசி முடிவு பண்ணதும்மா அது" என்பார். வண்டி என்ன நிறம் என்பதே எங்களுக்கு மறந்து போனது.

இன்னொரு முறை கண் பரிசோதனை முகாம். டாக்டர் வந்தார், பேனர் கட்டினோம், சுண்டல்கூட இருந்தது. பிள்ளைகள்தான் இல்லை. அன்றைக்கு ஹாஸ்டல் முழுக்க முதல் ஷிஃப்ட், அத்தனை பேரும் கம்பெனியில் இருந்தார்கள். தேதி குறித்தவர் வட்டம் சார். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். "குறை வேணாம் ஷீலா, பங்கு" என்றார். டாக்டரையும் உட்கார வைத்துவிட்டார். பாவம், சென்னையிலிருந்து வந்த பெரிய டாக்டர், முறை வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் பங்குன்னா... நான் வந்ததுதாங்க," என்றார்.

எங்களுக்கு உதவி செய்துவந்த அமைப்பு ஒன்று, எங்கள் தலைமைப் பண்பை வளர்க்க ஒரு பயிற்சியாளரை அனுப்பிய கதையையும் சொல்லியாக வேண்டும். வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்ட சுறுசுறுப்பான பையன். பழைய செய்தித்தாளைச் சுருட்டி கோபுரம் கட்டச் சொன்னான், குழுவாகச் சேர்ந்து கட்டினால் தலைமை வருமாம். கட்டினோம். விழுந்துவிட்டது. "சூப்பர்! அடுத்த விளையாட்டுக்குப் போலாமா?" என்றான் பையன். வட்டம் சார் விடவில்லை. கோபுரம் ஏன் விழுந்தது என்று பேசாமல் எப்படி அடுத்ததற்குப் போவது? நாற்காலி வந்தது. செய்தித்தாளின் ஈரப்பதம், ஃபேன் காற்று, பையன் கொடுத்த பசை, அவன் பசை கொடுத்தபோது அவன் மனநிலை என்று போய்க்கொண்டே இருந்தது. பையன் பூந்தமல்லி பஸ்ஸைத் தவறவிட்டான். அதற்கு அடுத்த பஸ்ஸையும் தவறவிட்டான். ஏகாம்பரம்தான் கடைசியில் அவனை அந்த அழுக்கு வேனில் கொண்டுபோய் விட்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் தலைமைப் பண்பைப் பற்றி யாரும் கவலைப்பட்டு ஆள் அனுப்பவில்லை.

இதெல்லாம்கூட ஆபீஸ் சமாச்சாரம் என்று விட்டுவிடலாம். என் நிச்சயதார்த்தத்தில் என்ன செய்தார் தெரியுமா? எங்கள் குடியிருப்பில் சர்ச் பக்கத்து ஹாலில் வைத்திருந்தோம். ஜெபம் முடிந்து, மோதிரம் மாற்றி, பந்தி நடந்துகொண்டிருக்கும்போது பிரியாணி தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் முணுமுணுப்பு ஆரம்பித்தது. என் அப்பா சமையல்காரரைத் திட்டினார், சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தபோது, நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? நிமிரவே பயமாக இருந்தது.

"யார் மேலயும் குறை வேணாம். அவங்கவங்க பங்க மட்டும் சொல்வோம்," என்கிறார், என் மாமியாராகப் போகிறவரைப் பார்த்து.

"யாரும்மா இவரு?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"எங்க தலைவர்," என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம், "சொன்னதுக்கு மேல ஒரு வேன் ஜனத்தக் கூட்டினு வந்துட்டேன். அது என் பங்கு," என்றார். உடனே என் அப்பா, "அரிசியக் கொறைக்கச் சொன்னது நான்தாம்மா. சமையக்காரர் அப்பவே பத்தாதுன்னார்," என்று ஒத்துக்கொண்டார். சம்பந்திகள் ரெண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பரோட்டா வரவழைத்து எல்லோரும் சாப்பிட்டோம். நம் கல்யாணம் நின்றுபோகாததற்கு வட்டம் சார்தான் காரணம் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார். அவர் மேல் எனக்கு இருந்த கோபங்களில் இதையும் சேர்த்துக்கொண்டேன்.

இனி பேச்சி விஷயத்துக்கு வருகிறேன்.

பேச்சியம்மாள் தென்காசிக்குப் பக்கத்துக் கிராமம். கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தப் பயிற்சித் தொழிலாளி. ஊரில் மாமன் மகன் ஒருவன் காத்துக்கொண்டிருந்தான். பேச்சிக்கு அவனைப் பிடிக்கவில்லை. பயிற்சியை முடித்து சர்டிபிகேட் வாங்குகிற வரைக்கும் கல்யாணப் பேச்சை எடுக்கக்கூடாது என்று அம்மாவிடம் சண்டை போட்டு சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தவள். வேலை இருக்கிற வரைக்கும்தான் அந்த சத்தியம். வேலை போனால் ஊருக்குப் பஸ் ஏற வேண்டும், ஏறினால் கழுத்தில் கல்யாண மாலைதான்.

அவர்கள் ஹாஸ்டலில் ஒரு பிரச்சினை. முதல் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் விடிவதற்கு முன்னாலேயே வரும். ஹாஸ்டல் வாசலுக்கு வராது, மெயின் ரோட்டு முனையில்தான் நிற்கும். நடுவில் விளக்கில்லாத ரோடு. ரெண்டு பக்கமும் லாரிகளை நிறுத்தியிருப்பார்கள். பிள்ளைகள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். லாரிகளிலிருந்து கேட்கும் பேச்சை என்னிடம் சொல்லவே கூசுவார்கள்.

சூப்பர்வைசரிடம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது, பலனில்லை. வட்டம் சாருக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வந்தால் அது ஒரே யோசனையாகத்தான் இருக்கும். கம்பெனியின் எச்.ஆர். அதிகாரியைக் கூப்பிட்டு, பிள்ளைகளோடு வட்டத்தில் உட்கார வைப்பது.

"சார், பேச்சி கான்ட்ராக்ட்ல இருக்கற பொண்ணு. எச்.ஆர். முன்னாடி அவளைப் பேச வெச்சா, மறுநாளே தூக்கிடுவாங்க," என்றேன்.

"நீங்க மனுஷங்களையே நம்ப மாட்டேங்கறீங்க ஷீலா."

"மனுஷங்கள நம்பறேன் சார். எச்.ஆர்.ரத்தான் நம்பல."

"வட்டத்துல உக்காந்துட்டா எல்லாரும் சமம்."

"எழுந்து போனப்புறம்?"

அதற்கு அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏகாம்பரம்கூட, "ஷீலாம்மா சொல்றது கரீட்டு சார்" என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை.

எச்.ஆர். அதிகாரி வந்தார். சின்ன வயசு, மடிப்புக் கலையாத சட்டை, நல்ல வாசனை. பேச்சி பேச மாட்டேன் என்று என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். வட்டம் சார் "தைரியமா பேசும்மா, இங்க யாருக்கும் பயப்பட வேணாம்" என்று தட்டிக்கொடுத்தார். அவளும் நம்பிப் பேசினாள்.

"சார், விடிய முந்தி அந்த இருட்டுக்குள்ள நடந்து வாரதுக்குப் பயமா இருக்கு. லாரில கெடக்க ஆளுக என்னென்னமோ சொல்லுதாங்க. எங்க சூப்பர்வைசர்ட்ட எத்தன மட்டம் சொல்லியாச்சு. நடந்தா ஒடம்புக்கு நல்லதுங்காரு. அவரு வீட்டுப் பிள்ளைய அப்படி நடக்க விடுவாரா?"

எல்லோரும் கைதட்டினார்கள். எச்.ஆர். அதிகாரியும் கைதட்டினார். அவர் முறை வந்ததும், "இவ்வளவு நாள் உங்க குரலைக் கேக்காம இருந்ததுதான் என் பங்கு" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். வட்டம் சார் சொர்க்கத்தில் இருந்தார். போகும்போது அதிகாரிக்கு ரெண்டு வடை பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலையில் பேச்சி மாடிப்படி ஏறி வந்தாள். கையில் திறக்காத சாப்பாட்டு டப்பா.

"அக்கா, கேட்ல என் கார்டு வேல செய்யல. ட்ரெய்னிங் முடிஞ்சிட்டு, இனி வராதங்காவ. ஹாஸ்டலயும் சனிக்கெழமைக்குள்ள காலி பண்ணணுமாம்."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். உள்ளே திரும்பிப் பார்க்கிறேன், வட்டம் சார் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருக்கிறார்! என் ஜென்மத்தில் அப்படிக் கத்தியதில்லை.

"சார், இப்ப மட்டும் வட்டம் போட்டீங்கன்னா, ஒவ்வொரு சேரா எடுத்து ஜன்னல் வழியா ரோட்டுல வீசிடுவேன்! ஒரு பொண்ணோட வாழ்க்கை போயிருக்கு, அதுல ஏகாம்பரத்தோட பங்கு என்னன்னு கேக்கப் போறீங்களா?"

"உக்காருங்க ஷீலா. ஒரு நிமிஷம்தான்."

அவருடைய ஒரு நிமிஷம் எனக்குத் தெரியும். ஆனாலும் பேச்சி உட்கார்ந்துவிட்டாள், ஏகாம்பரமும் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன், கையைக் கட்டிக்கொண்டு.

எப்போதும் கடைசியில் பேசுகிறவர் அன்றைக்கு முதலில் பேசினார். "பேச்சிக்குப் பேச இஷ்டமில்ல. நான்தான் பேச வெச்சேன். ஷீலா வேணாம்னு சொன்னாங்க, ஏகாம்பரமும் சொன்னார். நான் கேக்கல. பேசினா எனக்கு ஒண்ணும் போகாது, அவளுக்குத்தான் எல்லாம் போகும்னு எனக்குத் தோணவே இல்ல. மொத்தமும் என் பங்கு. வேற யாரும் பேச வேணாம்." அப்புறம் மூக்கை உறிஞ்சினார். எங்கள் சரித்திரத்திலேயே மிகச் சின்ன வட்டம் அதுதான்.

பேச்சிக்கு அது பத்தவில்லை. எப்படிப் பத்தும்?

"சார், நீங்க அழுவாதீக. நீங்க அழுதா எனக்கு வேலை கெடச்சிருமா? எங்க மாமா அடுத்த முகூர்த்தத்துக்கே மண்டபம் பாத்துருவாரு."

"என்ன பண்ணணும் சொல்லும்மா."

"எனக்கு என் வேலை வேணும். பஸ்ஸும் வாசலுக்கு வரணும், இத்தன பட்டாச்சு. ஆனா நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். நீங்க போய்ப் பேசுங்க. உங்கள யாரு வேலைய விட்டுத் தூக்கப் போறா?"

வட்டம் சார் தலையாட்டினார். வழக்கமாகச் சொல்லும் 'நல்ல பகிர்வு' அவர் வாயில் வரவில்லை. எழுந்து போய் ரெண்டு நாற்காலியை மொபெட்டில் கட்டினார்.

கம்பெனி கேட்டுக்கு எதிரே, பஸ்கள் திரும்புகிற இடத்தில், ரோட்டோரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எதிரே காலியாக இன்னொரு நாற்காலி. கோஷம் கிடையாது, பலகை கிடையாது. தலைக்கு ஒரு துண்டு மட்டும். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் பஸ்ஸில் போகிற பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். செக்யூரிட்டி வந்து கேட்டார்.

"யாருக்கு சார் அந்தச் சேரு?"

"உங்க எச்.ஆர். சாருக்கு. அவரு சௌகரியமா வரட்டும். நான் இங்கதான் இருப்பேன்."

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். ஏகாம்பரம் டீ கொண்டுபோனார், நான் சாப்பாடு கொண்டுபோனேன். கம்பெனியில் சொல்லி ஒரு கான்ஸ்டபிள் வந்தார். வெயிலில் நின்றே பழகிய மனிதர், கால் வலித்ததோ என்னவோ, விசாரிப்பதற்கு அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் சாப்பாட்டுக் கூடையோடு போய்ச் சேரும்போது, தன் மகன் தன்னோடு பேசுவதே இல்லை என்றும் அதில் தன் பங்கு என்னவாக இருக்கும் என்றும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து செக்யூரிட்டி தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தார். சனிக்கிழமை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. பேச்சி ஹாஸ்டலில் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"சார், சனிக்கிழமைக்குள்ள அவ ரூமைக் காலி பண்ணணும்!"

"தெரியும் ஷீலா. அவர் வருவார்."

வந்தார். வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளர்கள் வருகிற நாள். கேட்டில் தோரணம், பூச்செண்டோடு பெண்கள். எதிரே துண்டு போட்ட ஒரு மனிதர், ஒரு காலி நாற்காலி, பக்கத்தில் விசும்பும் ஒரு போலீஸ்காரர். எச்.ஆர். அதிகாரி வேகமாக ரோட்டைத் தாண்டி வந்தார்.

"சார், ப்ளீஸ், இங்கிருந்து கிளம்புங்க. கஸ்டமர்ஸ் வந்துட்டிருக்காங்க."

"கிளம்பிடறேன். நான் சண்டை போட வரல, என் பங்கைச் சொல்லத்தான் வந்தேன். உக்காருங்க."

வேறு வழியில்லாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வட்டம் சார் தொண்டையைச் செருமினார்.

"இது எங்க ஆரம்பிக்குதுன்னா, நான் தரக்கட்டுப்பாட்டுல சேர்ந்த வருஷத்துல."

"சார், விஷயத்துக்கு வாங்க."

"வர்றேன். அவசரப்பட்டா மேலோட்டமா போயிடும்."

நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எச்.ஆர். அதிகாரி காலை மாற்றி மாற்றிப் போட்டார். கடிகாரம் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்றார். நான் இத்தனை காலம் பட்ட பாடு அத்தனையும் அந்த முகத்தில் வரிசையாக வந்து போயிற்று. அட கடவுளே, இந்த ஆயுதத்தை இவ்வளவு காலமும் எங்கள் மேலேயேதானே சுழற்றிக்கொண்டிருந்தார்! தரக்கட்டுப்பாடு முடிந்து, விருப்ப ஓய்வு முடிந்து, கண் முகாமுக்கு வந்தபோது தூரத்தில் பெரிய கார்கள் திரும்புவது தெரிந்தது.

"சார், அந்தப் பொண்ண திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லுங்க. ஹாஸ்டல்லயே இருக்கட்டும்," என்றார் அதிகாரி.

"ரொம்ப சந்தோஷம். ஆனா நான் இன்னும் பஸ் விஷயத்துக்கே வரலையே. அது கொஞ்சம் விரிவா..."

"பஸ்ஸும் ஹாஸ்டல் வாசலுக்கு வரும் சார்! நானே டிரான்ஸ்போர்ட்ல பேசறேன். இப்பவே பேசறேன்!" அங்கேயே போனை எடுத்துப் பேசினார், எங்கள் காது கேட்க. வட்டம் சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்து, நாற்காலிகளைத் துண்டால் துடைத்தார். போகிற போக்கில் கான்ஸ்டபிளிடம், "பையன்கிட்ட இன்னிக்கே பேசிடுங்க" என்றார்.

நம்பாதவள் நான். திங்கட்கிழமை பஸ் வரும் நேரத்துக்கு முன்னாலேயே ஹாஸ்டல் வாசலில் போய் நின்றேன். முதல் ஷிஃப்ட் முடிந்து வருகிற மத்தியான வெயில். வட்டம் சார் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார், மொபெட்டில் கோபுரமாக நாற்காலிகளோடு. சரிதான், இந்த வெயிலில் அத்தனை பிள்ளைகளையும் உட்கார வைத்து, வெற்றி ஏன் வந்தது என்று பேசப்போகிறார், நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். அவரோ ரோட்டு முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் முனையில் நிற்கவில்லை. மெதுவாகத் திரும்பி, லாரிகளை ஒதுக்கிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தது.

பிள்ளைகள் இறங்கினார்கள். கடைசியில் பேச்சி இறங்கினாள். கண்ணெல்லாம் சிவந்து, நிற்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டாள்.

"காலைலயும் வாசலுக்கே வந்துட்டு சார். நாளைக்கும் இங்கனயே வருமாம். டிரைவர் அண்ணன் சொல்லிட்டாவ," என்றாள்.

வட்டம் சார் வாயைத் திறந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், நாற்காலிகளைக் கட்டியிருந்த கயிற்றின் மேல் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"போய்ச் சாப்பிட்டுத் தூங்கும்மா," என்றார். அவள் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, "புள்ள களைச்சுப் போயிருக்கு ஷீலா. பேச்செல்லாம் எதுக்கு?" என்று மெதுவாகச் சொன்னார்.

அவரோடு வேலை பார்த்த காலம் முழுக்க, எப்படியாவது இந்த மனிதரின் வாயை மூடவைக்க முடியாதா என்று தவித்திருக்கிறேன். அன்றைக்கு அவராகவே மூடிக்கொண்டு, மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வெயிலில் நடந்து போனபோது, நான் அந்த வாசலில் நின்று அழுதுவிட்டேன்.